சிறிதாக்கிய முகம்

குடவாசல்
20 செப்டம்பர் 2024

ரெஜினுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். என் அண்ணன் ஜோசப்ராஜின் போனில் நீங்கள் கூப்பிட்டாலும் பயனில்லை, வாங்கிப் பேசமாட்டேன். போனில் நான் வேகமாகப் பேசினால் நீங்களும் வேகமாகப் பேசுவீர்கள். நான் குரலை இறக்கினால் நீங்களும் இறக்குவீர்கள். நான் மூச்சு விடும்போது மூச்சு விடுவீர்கள். எதற்காகச் சண்டையை ஆரம்பித்தேன் என்பதே எனக்கு மறந்துபோய், "சரிங்க, சாப்ட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். நீங்கள் நடத்துகிற வகுப்பில் இதற்கு இணக்கம் என்று பெயர். எங்கள் வீட்டில் இதை மயக்குவது என்போம். தாளில் என் மூச்சை உங்களால் பிடிக்க முடியாது. அதனால்தான் கடிதம்.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். அதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஷீபா உங்கள் போன வகுப்புக்கு வந்திருந்தாள். "என் மனைவி பத்தே நிமிஷத்துல துக்கத்துலேர்ந்து வெளிய வந்தாங்க" என்று மேடையில் சொன்னீர்களாம். அதைக் கேட்ட மறுநாள்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் மாதம் கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் நம் பெண் பிறந்தாள். உயிரில்லாமல் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் வைத்தார். பிறகு நீங்கள் வாங்கிக்கொண்டு, இங்கே எங்கள் ஊர்க் கல்லறைக்குக் கொண்டுபோனீர்கள். பச்சை உடம்புக்காரி கல்லறைக்கு வரக்கூடாது என்று என்னைக் கட்டிலில் விட்டுவிட்டார்கள். போட்டோ எடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள், எடுக்கவில்லை. எனக்கென்று மிஞ்சியது அந்தக் கொஞ்ச நேரம் பார்த்த முகம் மட்டும்தான்.

ஆகஸ்டில் உங்கள் இரண்டு நாள் அறிமுக வகுப்பு. 'என்.எல்.பி. மனப்பயிற்சி - தனிவாழ்விலும் தொழிலிலும் வெற்றி' என்று புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேனர் வைத்தீர்கள். வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், வருகிறவர்களுக்குப் பேட்ஜ் கொடு என்று என்னையும் அழைத்துப்போனீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனத்தில் கஷ்டமான படம் இருக்கிறவர்கள் யாராவது மேடைக்கு வாருங்கள் என்றீர்கள். யாரும் எழவில்லை. என்னைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் எழுந்து வந்தேன்.

"கண்ண மூடிக்க விண்ணரசி. சினிமா தியேட்டர்ல கடைசி வரிசைல உக்காந்திருக்க. தெரையில அந்தப் படம் இருக்கு. கலர எடுத்துடு, கறுப்பு வெள்ளையா ஆக்கு. இப்ப சின்னதாக்கு. இன்னும் சின்னதா. தபால்தலை அளவுக்கு. தள்ளி விட்டுடு."

செய்தேன். நீங்கள் சொன்னால் செய்துவிடுகிற பழக்கம் எனக்கு. கண்ணைத் திறந்ததும் எப்படி இருக்கிறது என்றீர்கள். லேசாக இருந்தது, அதையும் மைக்கில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து அவள் முகம் எனக்கு வரவில்லை. துணி வருகிறது. நர்ஸின் வளையல் வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவளைக் கொண்டுபோனது நீங்கள்தான். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.

விண்ணரசி

பி.கு. இந்த உறையில் தபால்தலையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஒட்டினேன். அதற்கும் உங்களைத்தான் திட்டினேன்.


தஞ்சாவூர்
27 செப்டம்பர் 2024

அன்புள்ள விண்ணரசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கோபமாக இருக்கிறாய். நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. உன் வலியை என்னால் பார்க்க முடிகிறது, உணர முடிகிறது. அதேசமயம், இதற்கு இன்னொரு பக்கமும் இருப்பதை நீ கவனிக்க வேண்டும்.

நடந்தது வேறு, நடந்ததைப் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கிற படம் வேறு. ஊரின் வரைபடம் ஊர் ஆகிவிடாது. நடந்ததை மாற்ற யாராலும் முடியாது, படத்தை மாற்றலாம். நாம் சொல்கிற சொல்லும், உடம்பை வைத்துக்கொள்கிற விதமும் மனத்தில் தடம் போடுகின்றன. தடத்தை மாற்றிப் போட்டால் நடப்பும் மாறும். என்.எல்.பி. சொல்வது இவ்வளவுதான். இதில் மயக்குவது எங்கே வந்தது?

பூச்சிமருந்துக் கம்பெனியில் நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். டீலர் கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, உள்ளே போகப் பயந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பியவன் நான். இன்று ஒரு மண்டபமே எதிரே உட்கார்ந்திருந்தாலும் பேசுகிறேன். அய்யம்பேட்டையில் விதைக்கடை வைத்திருக்கிற சேக் தாவூது பாயை எடுத்துக்கொள். விதை கேட்டு வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே எரிந்து விழுவார். வகுப்புக்கு வந்துபோன பிறகு, வயலில் என்ன பிரச்சினை என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். மகனோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தவர், இப்போது அவனோடு சேர்ந்து சாப்பிடுகிறார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இதெல்லாம் பொய்யா?

நீ பேசிய அந்த வகுப்பு வீடியோவை, விளம்பரத்துக்காக நெட்டில் போட்டிருந்த எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். உனக்காக எடுத்தேன்.

முகம் பற்றிக் கேட்டிருக்கிறாய். நான் சொன்னால் அது என்னுடைய படமாக இருக்கும், உன்னுடையதாக இருக்காது. சிறிதாக்கத் தெரிந்த மனத்துக்குப் பெரிதாக்கவும் தெரியும். நீ வந்தால் அதே மாதிரி உட்காரவைத்து, படத்தை அருகே கொண்டுவந்து, வண்ணம் ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு மணி நேர வேலை.

வண்டி அனுப்பட்டுமா, பஸ்ஸிலேயே வருகிறாயா?

உன்
ரெஜின்


குடவாசல்
4 அக்டோபர் 2024

ரெஜினுக்கு,

'வண்டி அனுப்பட்டுமா, பஸ்ஸிலேயே வருகிறாயா.' வருவேனா என்ற கேள்வியையே காணோம். சிவப்பு வேண்டுமா நீலம் வேண்டுமா என்று கேட்டுவிட்டால், வாங்கலாமா வேண்டாமா என்று எதிராளி யோசிக்கமாட்டான் என்று நீங்கள் பாடம் நடத்தியபோது, வாசலில் பேட்ஜ் கொடுத்துக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 'அதேசமயம்' எனக்குத் தெரியும். 'ஆனால்' என்று சொன்னால் எதிராளி சுருங்கிவிடுவான், 'அதேசமயம்' போடு என்பது உங்கள் இரண்டாம் நாள் பாடம். கேட்கிறது, பார்க்க முடிகிறது, உணர முடிகிறது. எதிரே இருப்பவன் கண்ணால் யோசிக்கிறவனா காதால் யோசிக்கிறவனா என்று தெரியாவிட்டால் மூன்றையும் போட்டுவைக்கச் சொல்வீர்கள். கட்டின மனைவிக்கே மூன்றையும் போடுகிற நிலைமையா உங்களுக்கு?

சேக் தாவூது பாய் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும். வருகிறவர் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நானும் உங்களிடம் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, வெகுநாளாக அடக்கி வைத்திருந்தேன். வளைகாப்பு அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது என் இடது தோளை அழுத்தினீர்கள். ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்து சந்தோஷமாக நின்றபோது அதே இடத்தை அழுத்தினீர்கள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில்தான் தெரிந்தது, அது நங்கூரம் போடுவதாம். சந்தோஷத்தில் தொட்ட இடத்தைத் துக்கத்தில் தொட்டால் பழைய சந்தோஷம் திரும்பி வருமாம். அவளை அடக்கம் செய்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தீர்களே, நான் அழுத அழுகைக்கு அன்றைக்கும் அதே இடத்தை அழுத்தினீர்கள். சந்தோஷம் எங்கிருந்து வரும்? இப்போது அம்மா அந்தத் தோளில் கை வைத்தாலும் தட்டிவிடுகிறேன்.

போன மாதம் என்னைக் கூட்டிப்போக வந்தீர்கள். அப்பா மூட்டுவலிக்காரர், ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீங்களும் எதிரே ஒரு காலை நீட்டிக்கொண்டீர்கள். அவர் முழங்காலைத் தடவினார், நீங்களும் தடவினீர்கள். நீங்கள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, மாப்பிள்ளைக்கும் மூட்டு வந்துருச்சா? இந்த வயசுலயேவா? சொல்லியிருந்தா தைலம் குடுத்து வுட்ருப்பேனே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உங்கள் மேல் வெறுப்பும் வந்தது. நீங்கள் அவரைப் பார்த்து நடித்தீர்கள். அவர் உங்கள் காலுக்காக உண்மையாகவே கவலைப்பட்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்க ஃபாதர் வருவார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆட்களின் கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றி நிற்பார்கள். இதுவரை தாத்தா கல்லறையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவள், இந்த வருஷம் என் பிள்ளைக்காக நிற்கப்போகிறேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று அவளை மதில் ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவை இல்லை, பெயர் இல்லை. முகமும் இல்லாமல் எப்படி அவளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவேன்?

அதற்குள் எழுதுங்கள். முடிந்தால் அன்றைக்கு வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

விண்ணரசி


தஞ்சாவூர்
11 அக்டோபர் 2024

விண்ணரசிக்கு,

உன் அப்பாவைக் கேலி செய்ய நான் அங்கே வந்து உட்காரவில்லை. எதிரே இருக்கிறவரைப் போல உட்காருவது எனக்குப் பழகிப்போய்விட்டது, நினைத்துச் செய்வதில்லை. அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துவிட்டாய்.

நவம்பர் இரண்டும் மூன்றும் திருவிடைமருதூரில் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பு. தீபாவளி விடுமுறை என்பதால் அந்தத் தேதியில்தான் அவர்களால் வர முடியும். மண்டபம் பேசியாகிவிட்டது. மாற்ற முடியாது.

ஒன்றை நீயும் ஒப்புக்கொள்ள வேண்டும். உன் கையைப் பிடித்து யாரும் மேடைக்கு இழுக்கவில்லை. நீயாக எழுந்து வந்தாய். லேசாக இருக்கிறது என்று சொன்னதும் நீதான், என் வாயால் நான் சொல்லவில்லை. லேசாக இருந்ததும் உண்மைதானே? அங்கே அம்மாவும் நீயும் உட்கார்ந்துகொண்டு அதையே பேசிப் பேசி அழுதால் பழைய தடம்தான் ஆழமாகும். அந்தச் சம்பவத்தை விட்டு வெளியே வா. வேலைக்குப் போ. பள்ளிக்கூடத்தில் இன்னும் எத்தனை நாள் உனக்காகக் காத்திருப்பார்கள்?

தோல்வி என்று ஒன்று கிடையாது, விண்ணரசி. பலன் மட்டும்தான் உண்டு. இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொண்டோம் என்று கேட்டுப் பார்.

ரெஜின்


குடவாசல்
16 அக்டோபர் 2024

சம்பவம் இல்லை. சான்ட்ரா. பெயர் வைத்தது நீங்கள். பெண்தான் என்று நீங்களாகவே முடிவுசெய்து ஏழாம் மாதமே வைத்து, என் வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்கிறீர்கள். பிள்ளை இல்லாவிட்டாலும் பால் சுரக்கும் என்று கற்றுக்கொண்டேன். அதை வற்றவைக்க மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்று கற்றுக்கொண்டேன். சட்டையெல்லாம் நனைந்து, மல்லிகையும் பாலும் கலந்து ஒரு வாடை வரும். தெருவில் பூக்காரி போனால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. இதை எந்தப் பலனில் சேர்ப்பீர்கள்? உங்கள் ஆசிரியர்களுக்கு இதையும் சொல்லிக்கொடுங்கள்.

நானாகத்தான் மேடைக்கு வந்தேன், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் முகம் வாடக்கூடாது என்று வந்தேன். அதற்குத்தான் என் பிள்ளையின் முகத்தைக் கொடுத்தேன்.

இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன். வரைபடம் எழுதுகிறீர்கள், தடம் எழுதுகிறீர்கள், சேக் தாவூது பாயின் மகனைப் பற்றி எழுதுகிறீர்கள். ஒரு வரி, மூக்கு இப்படி இருந்தது, நெற்றி இப்படி இருந்தது என்று ஒரே ஒரு வரி வரவில்லை. நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. நீங்கள் அவளைப் பார்க்கவே இல்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள். பார்த்திருந்தால்தானே எழுத முடியும்? பார்க்காதவரிடம் முகத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மாதமாகக் காத்திருக்கிறேன், நானும் ஒரு பைத்தியக்காரி.

மெழுகுவத்தியை நான் தனியாக ஏற்றிக்கொள்கிறேன். இதற்குப் பதில் வேண்டாம்.

விண்ணரசி


தஞ்சாவூர்
22 அக்டோபர் 2024

உனக்கு என்னடி தெரியும்?

ஜோசப்ராஜ் கார் ஓட்டினான். நான் பின்சீட்டில் மடியில் வைத்திருந்தேன். நாச்சியார்கோவில் வரும்வரை மூடித்தான் வைத்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. துணியை விலக்கினேன். குடவாசல் வந்து சேரும்வரை மூடவில்லை. ஜோசப்ராஜ் கண்ணாடியில் பார்த்துவிட்டு "வேணாம் மச்சான், மூடிடுங்க" என்றான். வண்டியை மட்டும் ஓட்டுடா என்று கத்தினேன். அவனைக் கேள்.

நெற்றி உன் நெற்றி. அகலம். நிறைய முடி, ஈரத்தோடு ஒட்டியிருந்தது. உச்சியில் ஒரு சுழி. புருவம் இன்னும் முளைக்கவில்லை, இருக்க வேண்டிய இடத்தில் லேசாக ஒரு கோடு. மூக்கு உன் அப்பா மூக்கு, நுனியில் தட்டை. கீழுதட்டை உள்ளே இழுத்து வைத்திருந்தாள், ஊசியில் நூல் கோக்கும்போது நீ இழுப்பாயே, அப்படி. வலது காது மேல்பக்கம் மடங்கியிருந்தது. மோவாய் எனக்கு வந்திருந்தது, நடுவில் பள்ளம். உதடு கருத்துப்போயிருந்தது. அதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். நீ கேட்டாய், எழுதிவிட்டேன்.

வாய்க்காலில் தண்ணீர் வராத மாதம். மண் கல்லாகக் கிடந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித்தான் குழி வெட்டினார்கள். ஃபாதர் செபம் சொன்னார். யார் யாரோ வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்கள். ஒருவரிடமும் கொடுக்கவில்லை. நானே உள்ளே இறங்கி வைத்தேன். சட்டையெல்லாம் சேறு. உன் வீட்டில் குளித்துவிட்டு, உன் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாய். உன் தோளைத் தொட்டேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது அது ஒன்றுதான், அதைச் செய்தேன்.

தியேட்டர், கறுப்பு வெள்ளை, தபால்தலை எல்லாம் முதலில் எனக்கு நானே செய்து பார்த்தது. தினமும் செய்தேன். போகவில்லை. கலரை எடுத்தால் அடுத்த நிமிடம் கலரோடு வந்து மடியில் கிடக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்தால் மடி கனக்கிறது. எனக்குத்தான் போகவில்லை, உனக்காவது போகட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு நீ லேசாக இருக்கிறது என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் சிரித்தேன். உன்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது தெரியுமா? அவளை என் மடியிலேயே விட்டுவிட்டு நீ மட்டும் எழுந்து போய்விட்டாய் என்று வந்தது. அந்த ஆத்திரத்தை யாரிடம் போய்ச் சொல்ல? வகுப்பிலா?

அவளைப் பார்க்கவில்லை என்று இன்னொரு தடவை எழுதாதே.

திருப்பிப் படித்தால் அனுப்பமாட்டேன். அப்படியே ஒட்டுகிறேன்.

ரெஜின்


குடவாசல்
26 அக்டோபர் 2024

வலது காது இல்லை. இடது காது.

போஸ்ட்மேன் கையிலிருந்து வாங்கி வாசலிலேயே நின்று படித்தேன். காதுக்கு வந்ததும் அப்படி ஒரு கோபம் வந்தது. "வலது காதுங்கிறாரு! மடியில வச்சிருந்தாராம், வலது காதாம்!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து, "யாருக்குடி காதுல என்ன?" என்றாள். அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான், எனக்கு எப்படி அது தெரியும் என்று திகைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நர்ஸ் அவளை என் வலது கையில் படுக்கவைத்தார். என் பக்கம் இருந்தது அவளுடைய இடது காது. எதிரே வைத்துப் பார்த்ததில் உங்களுக்குப் பக்கம் மாறிப்போயிருக்கிறது. மேல்நுனி மடங்கியிருந்ததை நான் விரலால் நிமிர்த்தினேன். விட்டதும் மடங்கிக்கொண்டது. மறுபடி நிமிர்த்தினேன், மறுபடி மடங்கியது. அப்போதுதான் நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். காதுக்கு அந்தப் பக்கம் கன்னம் வருகிறது. கன்னத்தில் வெள்ளையாக மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டியிருந்தது. நீங்கள் சொன்ன உதடு வருகிறது, மோவாய்ப் பள்ளம் வருகிறது. கருத்த உதட்டோடுதான் வருகிறாள், அப்படியே வரட்டும். நேற்று முழுக்கக் கண்ணை மூடி மூடித் திறந்து பார்த்தேன். போகவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூட்டத்துக்கு நடுவில் என்னை உட்காரவைத்ததை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியவில்லை. மடியில் விட்டுவிட்டு எழுந்து போனாய் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் அவள் உங்களிடம் வந்துகொண்டிருந்ததை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லாமல் இருந்தது யார்? அந்தச் சண்டையைக் கடிதத்தில் போட முடியாது.

இரண்டாம் தேதி வகுப்பை என்ன செய்வீர்களோ, அது உங்கள் பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபாதர் வருவார். வருவதானால் செவ்வந்திப் பூ வாங்கி வாருங்கள், மல்லிகை வேண்டவே வேண்டாம். நான் அழுதால் என் தோளைத் தொடக்கூடாது. நான் அழுகிறேன் என்பதற்காக நீங்களும் அழக்கூடாது. உங்களுக்காக வந்தால் அழுங்கள். வராவிட்டால் சும்மா நில்லுங்கள்.

அப்பா உங்களுக்காக ஒரு சீசா தைலம் வாங்கி வைத்திருக்கிறார். கால் வலி இல்லை என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

விண்ணரசி